வேரோனிக்காவின் டிராகனும் ஸ்ரீதரனின் எரிச்சலும்

ஐயாயிரம் ஆண்டுகாலத் தமிழர் வரலாற்றில் டிராகன் ஒன்றை வளர்த்து ஆளாக்கிய முதல் மனிதர் என்ற பெருமை கனடாவின் மல்வேர்னில் வாழும் ஸ்ரீதரனையே சாரும். டிராகன் அவருடையதல்ல. அதற்கு அவர் ஒருநாளும் தீனி போட்டதில்லை, ஒருதரம் தடவிக்கூடக் கொடுத்ததில்லை. அதைப் பார்த்துப் பார்த்து எரிந்தார், அது வளர்ந்தது, அவ்வளவுதான். இப்போது அது வேரோனிக்கா குடியிருக்கும் ரவுண்ஹவுஸ் தொடர்வீட்டு வளாகத்தின் விசிற்றர் பார்க்கிங்கில் இரண்டு கார் நிற்கும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பனி கொட்டும் மாரியில் காலை வேலைக்கு பஸ் பிடிக்கப் போகும் சனம் அதன் விலாவோடு ஒண்டி நின்று குளிர்காய்ந்துவிட்டுத்தான் போகிறது.

ஸ்ரீதரன் தொழிலால் வீட்டுக்கடன் முகவர். ஆனால் அவருடைய விசிற்றிங் கார்ட்டில் அது இரண்டாவது வரியில் சிறிய எழுத்தில்தான் இருக்கும். முதல் வரி 'நுண்சிற்ப வண்ண வேந்தர்'. ஒரு அங்குல உயரப் பிளாஸ்ரிக் பொம்மைகளை வாங்கி, கையும் காலும் ஒட்டி, மயிரிழைப் பிரஷ்ஷால் வண்ணம் பூசி, பிறகு அவற்றை மேசையில் நிறுத்திப் பகடை உருட்டி, குகைக்குள்ளே பூதங்களோடு சண்டை பிடிக்கிற ஒரு விளையாட்டு உண்டு. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அந்தக் கதைக்குள் புகுந்து அடிபடுவார்கள். வேறு ஊரில் வேறு ஆட்கள் இதை வீட்டு நிலவறையில் சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டு விளையாடுகிறார்கள். ஸ்ரீதரன் அப்படி விடுவாரா? மன்றம் அமைத்தார், விதிமுறைகள் கொண்ட யாப்பு எழுதினார், போஷகர் முதல் கணக்காய்வாளர் வரை எட்டுப் பதவிகளை உண்டாக்கினார். அங்கத்தவர்கள் ஆறு பேர் என்பதால் சிலருக்கு இரண்டு கதிரை கிடைத்தது. ஞாயிறு தோறும் சமூக நிலையத்தின் சிறிய அறையில் மங்கள விளக்கேற்றி, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை எல்லாம் முடிந்துதான் பகடையைத் தொடலாம். அதனால் முதல் வருடம் முழுவதும் ஒருவரும் அந்தக் குகையின் வாசலைத் தாண்டவில்லை. பூதம் உள்ளே காத்திருந்ததோடு சரி.

பொம்மை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். நுண்சிற்பம் என்று சொல்லவேண்டும். அவருடைய நுண்சிற்பங்களில் தலையாயது எல்ஃப் என்கிற கூர்ங்காதுத் தேவ இனத்தின் அரசன். மூன்று மாரி இருந்து பூசியது. சால்வையின் கரையில் காஞ்சிபுரச் சேலையின் மாங்காய் வேலைப்பாடு, கண்மணியில் மூன்று வகைப் பச்சை. வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்பதால் பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பார்க்கிறவர்கள் குனிந்து, "நல்ல வடிவு அண்ணை" என்று சொல்லி நிமிர்ந்து, சாப்பிட றோல்ஸ் வைத்திருக்கும் மேசைக்குப் போய்விடுவார்கள். அவருக்கு அது போதாது. யாராவது ஒருவர் அரசனைப் பார்த்து ஒரு கணமாவது முகம் கறுத்து, ஐயோ இது என்னுடையதாக இல்லையே என்று வயிறு எரியவேண்டும். அந்த ஒரு முகத்துக்காகத்தான் அவர் மன்றத்தையே நடத்திவந்தார்.

அந்த நிலையில்தான் வேரோனிக்கா வந்து சேர்ந்தார். மிசிசாகாவில் விமானநிலையத்தில் பயணிகளின் பெட்டி நிறுக்கிற வேலை. மகன் பல்கலைக்கழகம் போனபோது பாதி ஒட்டிய பொம்மைகளின் பெட்டிகளை நிலவறையில் விட்டுப் போயிருந்தான். "எறிய மனம் வரேல்லை. அதுதான் நானே பூசிப் பாப்பமெண்டு" என்று சொல்லிக்கொண்டு கைப்பையிலிருந்து ஒரு டிராகனை எடுத்து மேசையில் வைத்தார். பெருவிரலளவு இருக்கும். பெயின்ற் முடிந்துவிட்டதால் மிச்சத்துக்கு நகப்பூச்சு பூசியிருந்தார். சீரியல் பார்த்துக்கொண்டு பூசியதில் செட்டையில் பிரஷ் மயிர் ஒட்டியிருந்தது. ஒரு கண் கிழக்கே பார்த்தது, மற்றது மேற்கே பார்த்தது. மருந்துக்கடையில் வேலைசெய்யும் நிலக்சி அதைத் தூக்கிப் பார்த்து, "ஐயோ அன்ரி, உவன்ரை முழியைப் பாருங்கோவன், ஸோ கியூற்!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அது கை மாறிக் கை மாறி மேசையைச் சுற்றி வந்தது. அன்று மாலை வரை பூதக்கண்ணாடிக்கு ஒருவரும் குனியவில்லை. ஸ்ரீதரன் தலைமைக் கதிரையில் இருந்தபடி அந்த டிராகனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிறு அது உள்ளங்கையளவு இருந்தது. பொருளாளர் ஸுபைர் வீடுகளுக்குத் தரை போடும் தொழில் செய்பவர், இடுப்பில் எப்போதும் அளவுநாடா இருக்கும். அளந்து பார்த்துவிட்டு, "இது போன கிழம என்ட வெரல் அளவுதானே இருந்திச்சு?" என்று கேட்டார். வேரோனிக்கா கொஞ்சம் யோசித்து, "கழுவினனான். ஊறியிருக்கும்" என்றார். அந்த விளக்கம் எல்லோருக்கும் பொருத்தமாகப் பட்டது. கூட்டம் அடுத்த விடயத்துக்குப் போனது.

ஸ்ரீதரனின் மனைவி ஜெயமலர் மட்டும் பயந்துபோனார். தன் மனிதரின் கண் எப்படிப்பட்ட கண் என்பது அவருக்குத்தான் தெரியும். கலியாணமான புதிதில் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் பக்கத்து வளவுப் பப்பாசியைப் பார்த்து அவர் "நல்ல காய்ப்பு" என்று ஒரு சொல் சொல்ல, விடிய அது வேரோடு சரிந்து கிடந்தது. இப்போது வேரோனிக்காவின் டிராகனைப் பற்றி இவர் சாப்பாட்டு மேசையில் மூன்று நேரமும் பேசுகிறார் என்றால் அந்தப் பாவப்பட்ட பிளாஸ்ரிக்குக்கு என்ன கதி? ஜெயமலர் ஒருநாள் வேரோனிக்காவின் வீட்டுக்கே போய், செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து டிராகனின் தலையைச் சுற்றி நாவூறு கழித்து, சட்டியில் போட்டு எரித்தார். புகைக்கு அலாரம் அடித்து, தீயணைப்பு வண்டி வந்து, வந்தவர்கள் தும்மித் தும்மி டிராகனோடு படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் படத்தை ஊரெல்லாம் பார்த்தது. ஸ்ரீதரனும் பார்த்தார். டிராகன் அன்று பூனையளவானது.

நடந்தது என்னவென்றால், ஊரில் டொக்ரராக இருந்த ஒருவரை இங்கே டொக்ரர் என்று ஏற்றுக்கொள்ளாதது போல, ஊர்க் கண்ணூறும் கடல் கடந்ததில் தகுதி மாறிப்போயிருந்தது. அங்கே பட்டுப்போகச் செய்த கண் இங்கே தழைக்கச் செய்தது. ஜெயமலர் கழிக்க வேண்டியிருந்தது எதுவுமே இல்லை. ஆனால் இதை அப்போது ஒருவரும் அறியவில்லை. வேரோனிக்காவுக்குக் கைராசி என்றே எல்லோரும் நம்பினார்கள்.

கைராசி பற்றித் தமிழ் வானொலி ஒன்று பேட்டி எடுத்தது, டிராகன் ஆட்டுக்குட்டியளவானது. வாராந்தப் பத்திரிகை ஒன்று முன்பக்கத்தில் படம் போட்டது, நாம்பன் மாடளவானது. நிலவறைக்குள் நிற்க முடியாமல் அதைக் கதவு நிலையைக் கழற்றி வெளியே எடுத்து விசிற்றர் பார்க்கிங்கில் விட்டார்கள். வளாக நிர்வாகம் ஆட்சேபித்தது. விசிற்றர் அனுமதி அட்டையைக் கொம்பில் மாட்டிவிட்டால் சரி என்று பிறகு இணக்கம் வந்தது. அது உயிருள்ளதா என்று கேட்டால் வளாகத்தில் இருப்பவர்கள் தோளைக் குலுக்குவார்கள். நடந்து ஒருவரும் கண்டதில்லை. காலையில் தெற்கே பார்த்து நின்றது வேலையால் வரும்போது வடக்கே பார்த்து நிற்கும், அவ்வளவுதான். ஆனால் உடம்பு சுடும். பனி அதன்மேல் விழுந்ததும் நீராகி வடிந்துவிடும். ஸ்ரீதரனுக்கும் அந்த மாதங்களில் நெஞ்சு வரை எரிந்தது. குடும்ப வைத்தியர் உறைப்பைக் குறைக்கச் சொல்லி வில்லை எழுதிக் கொடுத்தார். உறைப்பைக் குறைத்தார், எரிச்சல் குறையவில்லை. ஞாயிறுகளில் மன்றத்தார் தலைவர் என்ற மரியாதையோடு அவரைக் கூட்டிக்கொண்டு போய், டிராகனுக்கு நேர் முன்னால் கதிரை போட்டு இருத்துவார்கள்.

ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கென்று ஸ்ரீதரனும் ஜெயமலரும் யாழ்ப்பாணம் போய்வந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் டிராகன் வாடியிருந்தது. கழுத்துத் தொங்கி, செட்டை சுருங்கி, கையை வைத்தால் ஆறின தேத்தண்ணி போல இருந்தது. ஸ்ரீதரனுக்கு உள்ளே பால் வார்த்தது போல இருந்தாலும், முகத்தைச் செத்தவீட்டு முகமாக்கிக்கொண்டு துக்கம் விசாரிக்கப் போனார்.

"என்ன செய்யிறது வேரோனிக்கா, பிளாஸ்ரிக்தானே. எவ்வளவு நாளைக்குத்தான் தாங்கும்?"

"ஓம் அண்ணை," என்றார் வேரோனிக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவையளுக்கு என்னெண்டு சொல்லுறதெண்டுதான் யோசிக்கிறன். ஆண்டுவிழாவிலை எனக்குப் பொன்னாடை போத்தி, கேடயமும் தாறதெண்டு நீங்கள் இல்லாத நேரம் கமிட்டி முடிவெடுத்திட்டுது."

ஸ்ரீதரனுக்கு உள்ளே வார்த்த பால் அந்தக் கணமே கொதித்தது. அவர் கண்முன்னாலேயே தொங்கிய கழுத்து நிமிர்ந்தது. நிமிர்ந்து, வேரோனிக்காவின் மேல்மாடி யன்னலைத் தாண்டி, தெருவிளக்குக்கு மேலே போய் நின்றது. செட்டை விரிந்ததில் ஒரு காரின் பக்கக் கண்ணாடி முறிந்தது. கிழக்கே பார்க்கும் அந்தக் கண் அவரையே பார்ப்பது போல இருந்தது. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. வானொலி, பத்திரிகை, கேடயம் எல்லாம் நியாயப்படி யாருக்குச் சேரவேண்டும் என்பதும் விளங்கியது.

விளங்கி என்ன பயன்? டிராகனை வளர்த்தது நான் என்று உரிமை கோரவேண்டுமானால், எப்படி வளர்த்தாய் என்று கேட்பார்கள். நகப்பூச்சு பூசிய ஒரு வாக்குக்கண் பொம்மையைப் பார்த்து நுண்சிற்ப வண்ண வேந்தர் வயிறெரிந்தார் என்று சபையில் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் புகழ் வேரோனிக்காவுக்கு. சொன்னால் புகழ் தனக்கு, மானம் காற்றில். ஐப்பசி மாதத்து ஆண்டுவிழா வரை இதையே புரட்டிப் புரட்டி யோசித்தார். அவர் யோசித்ததில் டிராகனுக்கு இன்னொரு முழம் கூடியது.

விழா ஸ்காபரோவில் ஒரு விருந்து மண்டபத்தில் நடந்தது. வேரோனிக்காவுக்குப் பொன்னாடையைப் போர்த்தியது வேறு யாருமல்ல, ஜெயமலர். வாழ்த்துப்பாவைத் தலைவர் என்ற முறையில் ஸ்ரீதரனே எழுதி ஸ்ரீதரனே வாசிக்கவேண்டியிருந்தது. 'கைராசிக் கலையரசி' என்ற இடம் வந்ததும் வாசிப்பதை நிறுத்தினார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சனம் அறியாத பெரிய கலைஞனாகச் சாவதைவிட, சனம் அறிந்த பொறாமைக்காரனாக வாழலாம் என்று அந்தக் கணத்தில் அவருக்குத் தோன்றியது.

"சபையோரே," என்றார், "அந்த டிராகனை வளர்த்தது வேரோனிக்கா இல்லை. நான். என்ரை எரிச்சல். முதல் நாளிலை இருந்து எனக்கு அடக்கேலாத எரிச்சல்!"

யாரோ கரண்டியைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. முதல் வரிசையில் இருந்த ஸுபைர்தான் எழும்பினார்.

"அண்ணே, அது எல்லாருக்கும் தெரியுமே. இல்லாட்டி ஏன் ஒவ்வொரு ஞாயிறும் ஒங்களக் கூட்டிட்டுப் போய் அதுக்கு நேர முன்னால இருத்தினம்? வேரோனிக்கா அக்காவப் பத்தி வார நல்ல செய்தியெல்லாம் மொதல்ல ஒங்களுக்குத்தானே சொல்லுற?"

"கேடயமும் அதுக்குத்தான் அண்ணை," என்றார் வேரோனிக்கா, பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு. "நீங்கள் ஊருக்குப் போக அது சரியா இளைச்சுப்போச்சு. வேறை என்ன செய்யிறது?"

ஸ்ரீதரன் ஜெயமலரைப் பார்த்தார். ஜெயமலர் மங்கள விளக்கின் திரியைத் தூண்டிவிடப் போனார்.

அதன் பிறகு வாழ்க்கை ஒழுங்காகத்தான் போகிறது. யாப்பு திருத்தப்பட்டு ஒன்பதாவது பதவி ஒன்று உண்டாக்கப்பட்டது. விசிற்றிங் கார்ட்டில் இப்போது 'வளர்ப்புப் பணிப்பாளர்' என்றும் ஒரு வரி இருக்கிறது. ஞாயிறு தோறும் ஸ்ரீதரன் மடக்குக் கதிரையோடு விசிற்றர் பார்க்கிங்குக்குப் போய் டிராகனுக்கு எதிரே இருப்பார். வேரோனிக்கா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்து, அந்தக் கிழமை தனக்குக் கிடைத்த பாராட்டுகளை ஒவ்வொன்றாகச் சொல்லுவார். கடுங்குளிர் வருகிறது என்று வானிலை அறிக்கை சொன்னால், பஸ் தரிப்பிடத்துச் சனமும் வந்து, "அன்ரியைப் பற்றி ரீவீயிலை சொன்னவையாம் அங்கிள், பாத்தனீங்களோ?" என்று ஒரு சொல் போட்டுவிட்டுப் போகும். அன்று டிராகன் நல்லாகச் சுடும்.

பதவியை ஏற்க அவர் ஒரேயொரு நிபந்தனைதான் விதித்தார். பதிலுக்கு மன்றத்தார் எல்லோரும் அவருடைய எல்ஃப் அரசனைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும். அவர்கள் வஞ்சகம் இல்லாமல்தான் முயன்றார்கள். வரிசையில் நின்று, பூதக்கண்ணாடிக்குள் குனிந்து, பல்லைக் கடித்துப் பார்த்தார்கள். "அங்கிள், லிற்றரலி நான் ட்ரை பண்ணுறன். வருகுதில்லை" என்றாள் நிலக்சி. ஸுபைர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "வடிவாத்தான் இருக்கு அண்ணே, எனக்கு வேணுமெண்ட ஆசதான் வருகுதில்லயே" என்று மன்னிப்புக் கேட்டார். ஜெயமலர் ஒரு வெள்ளிக்கிழமை விரதமிருந்துகூடப் பார்த்தார். அரசன் ஒரு அங்குலத்திலேயே நின்றான்.

ஒரு முறைதான் விதிவிலக்கு. போன பங்குனியில் ஸுபைர் வழக்கம்போல அரசனுக்கு அளவுநாடாவைப் பிடித்தபோது, அவன் ஒரு நூலளவு உயர்ந்திருந்தான். இன்னொரு தரம் பிடித்துப் பார்த்தார், உண்மைதான். ஸ்ரீதரன், "யாரெண்டு நான் கேக்கமாட்டன். ஆனால் உங்களிலை ஒராள்" என்று சொல்லி எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அன்றே றோல்ஸும் பற்றிஸும் எடுப்பித்துக் கொண்டாடினார்கள், நான்கு பேர் உரையாற்றினார்கள். எல்லாம் முடிந்து மேசையைத் துடைக்க வேரோனிக்கா அரசனைத் தூக்கினார். அவன் காலடியில், பிரெட் பாண் பையின் வாயைப் பூட்டுகிற, நூலளவு தடிப்பான பிளாஸ்ரிக் கிளிப் ஒன்று ஒட்டியிருந்தது. அதில் அந்தக் கிழமைத் திகதி இருந்தது.