கடனில் பாதிக்கு ஒரு வீடு

லாஸ் வேகாஸில் வீடு விற்றுப் பிழைத்தவர்களில் பாதிப் பேர் 2010க்குள் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். எனக்கு அந்த வருஷம்தான் தொழில் சூடு பிடித்தது. அதற்கு முன் நான் சூதாட்ட மேஜையில் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தவள். எதிரே இருப்பவன் நிஜமாகவே பயப்படுகிறானா, பயந்த மாதிரி நடிக்கிறானா என்று அவன் விரலைப் பார்த்தே சொல்லிவிடுவேன். வங்கிக்காரர்கள் நேரில் வருவதில்லை, போனில்தான் பேசுவார்கள். பரவாயில்லை, எனக்குக் குரலே போதும்.

வென்டெல் ஹோப்ஸும் அவன் மனைவி டார்லாவும் அந்த வருஷக் கோடை தொடங்கியபோது என்னிடம் வந்தார்கள். வென்டெல் டைல்ஸ் ஒட்டுகிறவன். பெரிய ஹோட்டல்களின் குளியலறைகள் பல அவன் கைபட்டவை. ஊரில் கட்டடம் கட்டுவது நின்றதும் அவன் வேலையும் நின்றது. பக்கத்து ஊரான ஹெண்டர்சனில் மூன்று லட்சம் டாலர் கடனில் வாங்கிய வீடு, இப்போது விற்றால் அதில் பாதிகூடத் தேறாது. தவணை கட்டுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

வங்கி ஏலம் போடும்வரை காத்திருக்க வேண்டாம் என்றேன். இன்றைய விலைக்கு நாமே ஓர் ஆளைப் பிடித்து விற்கலாம், கடனைவிடக் குறைவாக வந்தாலும் அதை வாங்கிக்கொண்டு கணக்கை முடித்துவிடும்படி வங்கியைச் சம்மதிக்க வைப்பது என் பொறுப்பு என்றேன். இதற்கு ஷார்ட் சேல் என்று பெயர். பெயரில்தான் ஷார்ட், முடிவதற்குள் மனிதருக்குத் தாடி நரைத்துவிடும்.

வாங்குகிறவள் சீக்கிரமே கிடைத்தாள். ஒஃபீலியா சான்டோவல், ஒரு ஹோட்டலில் ரொட்டி சுடும் பிரிவுக்குப் பொறுப்பானவள். இரண்டு பெண் குழந்தைகளோடு வாடகை வீட்டில் இருந்தாள். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் தருவதாக எழுதிக் கொடுத்தாள். அவளால் அதற்கு மேல் ஒரு டாலர்கூட ஏற முடியாது என்பது எனக்குத் தெரியும். அந்த விலையை வங்கிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம்.

அந்தக் காத்திருப்பில்தான் வென்டெல் எங்களுக்கு வினையாக வந்து சேர்ந்தான். நான் போகும்போதெல்லாம் வீட்டில் ஏதாவது ஒன்று புதிதாக இருக்கும். ஒருநாள் சமையலறைச் சுவர் முழுக்க வெள்ளை டைல்ஸ். அடுத்த முறை போனால் குளியலறைத் தரையில் நீலமும் சாம்பலுமாக அலை அலையாய்ச் சின்னச் சின்னக் கற்கள். பழைய வேலைகளில் மிஞ்சிய கற்களையெல்லாம் காரேஜிலிருந்து எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தான். காலணியோடு அதில் நிற்க எனக்கே மனசு வரவில்லை. விற்கப்போகிற வீட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்று டார்லாவிடம் கேட்டேன்.

"கை சும்மா இருந்தா இந்த மனுஷன் சோபாவுல படுத்துக்கிட்டு விட்டத்தையே பாக்குறான், மார்லீஸ். அதைப் பாக்குறதுக்கு இது தேவலை," என்றாள்.

வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பெயர் நீல்சன். குளியலறையில் மட்டும் ரொம்ப நேரம் நின்றாராம். இரண்டு வாரம் கழித்து டாலஸிலிருந்து வங்கியின் பேச்சுவார்த்தைக்காரன் பிரெட் கூப்பிட்டான். வீட்டின் மதிப்பு ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம், ஒஃபீலியா சொல்லும் விலை கட்டாது, ஏலத் தேதியும் குறித்தாகிவிட்டது என்றான்.

நான் நேரே ஹெண்டர்சனுக்குப் போய் இருவரிடமும் விஷயத்தைச் சொன்னேன். வென்டெல் எழுந்து காரேஜுக்குப் போனான். திரும்பி வந்தபோது கையில் சுத்தியல் இருந்தது.

"இந்தத் தரைதானே விலையைக் கெடுக்குது? சாயங்காலத்துக்குள்ள பேத்துப் போட்டுடறேன். அப்புறம் அந்த ஆளை மறுபடி வரச் சொல்லு."

டார்லா குளியலறை வாசலில் போய் நின்றுகொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "என்னைத் தாண்டிப் போ," என்றாள்.

ஊரில் வீட்டை இழந்த பலர் அப்படிச் செய்தார்கள். குழாயைப் பிடுங்கினார்கள், கதவைக் கழற்றி விற்றார்கள், சாக்கடையில் சிமெண்ட் ஊற்றினார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரியாததல்ல. ஆனால் வென்டெல் கோபத்தில் செய்யவில்லை, தன்னால் வந்த வினை என்று நினைத்துச் செய்யப் பார்த்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"சுத்தியலைக் கீழ போடு கண்ணு," என்றேன். "உடைச்சா கேஸ் போடுவாங்க, ஒஃபீலியாவும் ஓடிப்போயிடுவா. அந்த ஆள் உன் வீட்டைத்தான் பாத்திருக்கான். உன் தெருவைப் பாக்கல. அதை நான் காட்டுறேன்."

மறுமதிப்பீடு கேட்டு வங்கியை விடாமல் பிடித்தேன். பிரெட் அலுத்துப்போய் ஒப்புக்கொண்டான். நீல்சன் வந்தபோது காரைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்லி, அந்த வெயிலில் அவரை நடக்க வைத்தேன். முதல் வீட்டில் ஏசியை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அடுத்ததில் நீச்சல் குளம் பாசி பிடித்துக் கொசு மொய்த்தது. வரிசையாகப் பூட்டிய கதவுகள், கதவுக்குக் கதவு ஒட்டிய நோட்டீஸ்கள். கடைசியாக வென்டெலின் பக்கத்து வீட்டு முன்னால் போய் நின்றோம். அதே அளவு, அதே வரைபடம், ஒரே கம்பெனி கட்டியது. வாசலில் விற்பனைப் பலகை. விலை ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம்.

"இதை விக்கிறது யாருன்னு பாத்தீங்களா?" என்றேன்.

அவர் பலகையைப் படித்தார். வென்டெலுக்குக் கடன் கொடுத்த அதே வங்கி. கைப்பற்றிய வீடுகளை விற்க அவர்களிடம் தனிப் பிரிவு உண்டு. ஒரு பிரிவு செய்வது இன்னொரு பிரிவுக்குத் தெரியாது. எனக்கும் மூன்று நாள் முன்பு பலகை நட்டபோதுதான் தெரியும். நீல்சன் நல்ல மனுஷர், வாயைத் திறந்து சிரித்துவிட்டார். குளியலறை அழகுதான், ஆனால் அதற்காக யாரும் பக்கத்து வீட்டைவிட ஐம்பதாயிரம் கூடக் கொடுக்க மாட்டார்கள் என்று அவரே சொன்னார், அப்படியே எழுதியும் கொடுத்தார்.

பிரெட் விலைக்குச் சம்மதித்தான். ஏலமும் தள்ளிப்போனது. ஆனால் ஒரு கொக்கி போட்டான். கடனில் மீதியை வென்டெல் பிற்பாடு கட்டுவதாகக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

ஹோப்ஸ் தம்பதியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் அவனுக்குப் பதில் சொன்னேன். சொல்வதற்கு முன் அவர்களிடம் கேட்டேன், இதில் வங்கி பின்வாங்கினால் வீடு ஏலத்துக்குப் போகும், சம்மதமா என்று. வென்டெல் டார்லாவைப் பார்த்தான். டார்லா தலையசைத்தாள்.

"கையெழுத்து கிடையாது பிரெட். மொத்தக் கடனும் முடிஞ்சுதுன்னு எழுதிக் குடுங்க. இல்லன்னா ஏலத்துல எடுத்துக்குங்க. பக்கத்து வீட்டோட சேத்து ரெண்டா வச்சு வித்துக்கலாம். காலி வீட்டு ஏசியைக் காவல் காக்கவும் ஓர் ஆள் போட்டுக்குங்க."

மேலதிகாரிகளைக் கேட்டுச் சொல்வதாகப் பிரெட் சொன்னான். அவன் குரலில் இருந்தது கோபமில்லை, களைப்பு. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. போனை வைத்ததும் டார்லாவிடம் பெட்டி கட்ட ஆரம்பி என்றேன். வெள்ளிக்கிழமை பதில் வந்தது. மீதிக் கடன் தள்ளுபடி.

சாவி கைமாறிய அன்று ஒஃபீலியா ஒரு தட்டு இனிப்பு ரொட்டி கொண்டுவந்தாள். வென்டெல் அவளையும் பெண்களையும் வீடு முழுக்கக் கூட்டிப்போய், எந்தக் குழாயை எந்தப் பக்கம் திருப்பினால் தண்ணீர் நிற்கும், எந்த டைல்ஸில் எலுமிச்சைச் சாறு படக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தான். சின்னப் பெண் குளியலறையில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அலைமேல் நடந்து பார்த்தாள். வென்டெல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அங்கிருந்தபடியே, ஈரத்தில் வழுக்காது, பயப்படாமல் ஓடு என்றான்.

பக்கத்து வீட்டைக் கலிபோர்னியாக்காரன் ஒருவன் வாங்கினான். அவன் ஒஃபீலியா வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, இந்தத் தரையைப் போட்டது யார் என்று கேட்டான். வசந்தம் வருவதற்குள் வென்டெல் அந்தத் தெருவிலேயே நாலு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தான். நானும் வாங்குகிறவர்களுக்கெல்லாம் அவன் பெயரைச் சொன்னேன்.

ஹோப்ஸ் தம்பதி குடியேறியது ஒரு சின்ன வாடகை அபார்ட்மெண்ட். ஒருநாள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். தரையில் மலிவான பழுப்பு விரிப்பு, சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது என்று உரிமையாளரின் கட்டளை. வறுத்த கோழியை வென்டெல் இரண்டாம் முறை போட்டுக்கொண்டான்.

"பாத்தியா மார்லீஸ், என் புருஷன் உக்காந்து சாப்பிடுறான்," என்றாள் டார்லா. "இந்த வீட்டுல தொடுறதுக்கு அவனுக்கு ஒண்ணுமே இல்ல."

"அந்தச் சமையலறைத் தரை ஓரம் கொஞ்சம் பேந்திருக்கு," என்றான் வென்டெல்.

"சாப்பிடு," என்றாள் அவள்.