வாணியம்பாடிக்குப் போன நிழல்

சின்னராஜின் புளியமரத்து நிழல் ஒரு மாசி மாதம் வாணியம்பாடிக்குப் போய்விட்டது. மரம் காவலூர்ப் பக்கத்து மலைச்சரிவில் நின்ற இடத்திலேயே நின்றது. இலைக்கும் காய்க்கும் குறைவில்லை. அடியில் மட்டும் சுள்ளென்று வெயில். நிழல் மலைக்குக் கீழே, புளி வியாபாரி அப்துல் கய்யூம் காயப்போடும் களத்தில் விழுந்து கிடப்பதாகப் பேருந்து நடத்துநர் வந்து சொன்னார்.

விற்ற பொருள் வாங்கியவரிடம் போகும், வேறென்ன செய்யும்? பூவில் இருக்கும்போதே அந்த வருஷக் காய்க்கு முன்பணம் வாங்குவது மலையில் எல்லோரும் செய்வதுதான். இந்தத் தறுதலை பூக்காத வருஷங்களையும் விற்றான். தங்கை மகளுக்குத் தாய்மாமன் சீரை மேளம், வாணவேடிக்கையோடு கொண்டுபோக ஆறு வருஷக் காய். அந்த ஊர்வலத்துக்கு முன்னால் ஓட்டிப்போகப் புது பைக், அதற்கு இன்னும் நாலு வருஷம். எல்லாம் அடிமாட்டு விலைக்கு. பெருமைக்கு எருமை மேய்த்த பயல்! சாமை தீர்ந்துபோகும் மாதங்களில் அந்த வீட்டுக்குச் சோறு போட்டதே அந்த ஒரு மரம்தான். மனைவி செவ்வந்தியை அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பத்து வருசத்த துன்னுட்டு வந்து நிக்கிறியே, நானும் புள்ளைங்களும் இன்னாத்த துன்றது? உன் பைக்கையா?" என்று அவள் தெருவே கேட்கக் கத்தினாள். அன்றோடு அவனுக்குச் சோறு போடுவதை நிறுத்திவிட்டு, மறுநாள் பேருந்து ஏறினாள்.

கய்யூமும் எரிச்சலில்தான் இருந்தார். "ஏம்மா, நான் காய்க்குத்தானே துட்டு குடுத்தேன்? இந்த நெழல யாரு கேட்டாங்க? களத்துல வெயிலே இல்லாம புளியெல்லாம் பூசணம் பூத்துப்போச்சு. எடுத்துட்டுப் போய்டுங்க."

"சும்மா வேணாம் பாய். வித்தது அந்தாளு, வாங்கறது நானு. ஒவ்வொரு வருசக் காயா, நெழலோட, அதே வெலைக்கு."

கய்யூம் சரியென்றார். அவள் ஆடுகளை விற்றாள். அவர் களத்திலேயே புளி ஓடு உடைத்தாள். கூலியைப் புருஷன் கை எட்டாதபடி மகளிர் குழுவில் தன் பெயரில் போட்டாள். சொந்தக்காரர் விசேஷங்களில் நூறு ரூபாய் மொய் வைத்துவிட்டு, வயிறாரச் சாப்பிட்டு, வெட்கப்படாமல் திரும்பினாள். மூன்று வருஷக் காயைக் கய்யூமின் ஆட்கள் உலுக்கிப்போனார்கள். அதற்குள் மிச்ச ஏழையும் மீட்டுவிட்டாள். ஒரு வருஷத்தை மீட்கும்போதெல்லாம் ஒரு கிளையின் நிழல் பேருந்துக் கூரையில் ஏறி மலைக்கு வந்தது. நடத்துநர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

கடைசி நிழலும் இறங்கிய அன்று செவ்வந்தி, பிள்ளைகள், தெருநாய் வரை எல்லோரும் மரத்தடியில் குளிர்ச்சியாக உட்கார்ந்தார்கள். சின்னராஜும் வந்து உட்கார்ந்தான். அவன்மேல் மட்டும், அவன் அளவுக்கு, வெயில் அடித்தது. நகர்ந்தான், வெயிலும் கூடவே நகர்ந்தது.

"இது எங்கப்பன் வெச்ச மரம்டீ!"

"மரம் உங்கப்பன் வெச்சது. நெழலு நான் வாங்குனது" என்றாள், புளியை உடைத்தபடியே.

ஊரில் ஒருவரும் பாவம் என்று சொல்லவில்லை. சின்னராஜ் இப்போதும் மத்தியானம் அந்தப் புளியமரத்தடியில் வந்துதான் உட்காருகிறான், குடை பிடித்துக்கொண்டு.