முதலில் ஏறுகிறவர்கள்

மரியாதைக்கு விலையே கிடையாது என்று சொல்கிறவர்கள் சொந்தக் காசில் டீசல் போட்டுப் பார்க்காதவர்கள். நத்தமேட்டில் அதன் விலை மாதம் ஏழாயிரத்து இருநூற்று ஐம்பத்து நான்கு ரூபாய். டயர் தேய்மானம் தனி. இதைக் கண்டுபிடித்தவள் புருஷோத்தமனின் மகள் ஐஸ்வர்யா, பதினோராம் வகுப்பு. கண்டுபிடித்ததைச் சார்ட் பேப்பரில் எழுதி அவள் ஒட்டிவைத்த இடம் வீட்டு ஃபிரிட்ஜ் கதவு.

சனிக்கிழமை சாயங்காலம் ஐஸ் வாட்டர் எடுக்கப் போன புருஷோத்தமன் தாகத்தை மறந்து நின்றார்.

"இன்னாடி இது?"

"ஸ்கூல் ப்ராஜெக்ட்பா."

"ப்ராஜெக்ட்டுனா எரிமலை செய்வாங்க, காத்தாடி செய்வாங்க. என் வண்டிய எதுக்குடி அதுல இழுத்த?"

வண்டி என்றால் இருபத்தாறு சீட்டு வேன். ஒரகடத்தில் பிரேக் செய்யும் கம்பெனி ஒன்றுக்கு ஆளேற்றும் ஒப்பந்தம் அவருடையது. வண்டி நிற்பது மெயின் ரோட்டு ஷெட்டில். அங்கிருந்து கிளம்பினால் முதலில் வருவது காலனி. மூன்று கிலோமீட்டர் தள்ளி ஊர். ஊரைத் தாண்டிப் போனால் கம்பெனி. காலனியில் பாதி, ஊரில் மீதி என்று ஏற்றிக்கொண்டு நேராகப் போகலாம் என்பது பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். புருஷோத்தமனின் வண்டி அப்படிப் போகாது. பதினாலு பேர் டிபன் பையோடு காத்து நிற்கும் காலனி வாசலைக் காலியாகவே கடந்து ஊருக்குப் போகும். ஊர் ஆட்கள் ஏறி, பிடித்த இடத்தில் உட்கார்ந்த பிறகு, மூன்று கிலோமீட்டர் திரும்பி வந்து காலனிக்காரர்களைப் பின்பக்கம் அடைத்துக்கொண்டு, மறுபடியும் ஊர் வழியாகவே கம்பெனிக்குப் போகும். நடைக்கு ஆறு கிலோமீட்டர் வீண். நாளைக்கு நாலு நடை. காலை எட்டரை மணி ஷிஃப்ட்டுக்கு மட்டும் ஊரில் பதினொரு பேர், காலனியில் பதினாலு, வழியில் பள்ளிக்கூடத்தில் இறங்க ஐஸ்வர்யா ஒருத்தி. இருபத்தாறு சீட்டுக்கு இருபத்தாறு ஆள். ஆனால் யார் முதலில் ஏறுவது என்பதில்தான் ஊர் மானமே தொங்கிக்கொண்டிருந்தது.

சார்ட் பேப்பரில் ஐந்து 'ஏன்' இருந்தது.

கூடப் படிக்கும் காலனிப் பெண் மதிவதனியின் அம்மா ராஜம்மாவுக்குக் கம்பெனியில் மாதம் மூன்று நாள் அரைச் சம்பளம் ஏன் பிடிக்கிறார்கள்? பஞ்ச் லேட், அதாவது கம்பெனி வாசலில் வருகை பதிய லேட். ஏன் லேட்? வண்டி லேட். வண்டி ஏன் லேட்? போன ரோட்டிலேயே திரும்பி வருகிறது. ஏன் திரும்பி வருகிறது? காலனியில் முதலில் ஏற்றினால் அவர்கள் முன் சீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார்ந்தால் என்ன, அது ஏன் பிரச்சினை?

இந்த ஐந்தாவதுக்கு நேராக விடை இல்லை. 'அப்பாவைக் கேட்கவும்' என்று பென்சிலில் எழுதியிருந்தது.

"கேக்கலாம்னுதான் ஒட்டி வச்சேன்" என்றாள் ஐஸ்வர்யா.

புருஷோத்தமன் சார்ட்டைக் கிழித்தார். கிழித்த வேகத்தில் ஃபிரிட்ஜ் ஸ்டிக்கரும் ஒரு துண்டு வந்தது.

"இன்னொண்ணு ஸ்கூல்ல கீதுப்பா."

சமையலறையிலிருந்து லீலா எட்டிப் பார்த்தாள். "மாசம் ஏழாயிரமா? போன தீவாளிக்கு ஒரு பொடவை கேட்டதுக்கு டீசல் வெலை ஏறிப்போச்சுன்னீங்களே."

"நீ தோசைய திருப்பு."

புருஷோத்தமன் தன்னைச் சாதி பார்க்கிறவராக நினைத்ததே இல்லை. காசு வாங்கும்போது எந்தத் தெருக் காசு என்று மோந்து பார்த்தவரில்லை. அவர் அப்பா வாலாஜாபாத் பக்கம் மாட்டுத் தரகர். துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுகிற தொழில். அங்கே எல்லாருக்கும் எல்லாம் தெரியும், வாயைத் திறந்து மட்டும் எவனும் சொல்ல மாட்டான். சொன்னால் சந்தை கலைந்துவிடும். இப்போது பெற்ற மகள் துண்டை உருவிவிட்டாள்.

மறுநாள் காலையிலேயே பாண்டுரங்கன் வந்துவிட்டார். கம்பெனியில் லைன் சூபர்வைசர், ஊரில் கோயில் கமிட்டித் தலைவர், வண்டியில் டிரைவருக்குப் பின்னால் முதல் ஜன்னல் சீட்டு. மூன்று பதவியில் மூன்றாவதுதான் அவருக்கு உசத்தி.

"இன்னா மாப்ள, ஒம் பொண்ணு சீட்டு பிரிச்சுக் குடுக்கறாளாமே."

"பசங்க வெளையாட்டு மாமா."

"வெளையாட்டா? என் மடியில ஒக்காந்துகினு வருவாங்களா அவுங்க? கேட்டுச் சொல்லு. வண்டி லேட்டாவுதுன்னு எனக்குந்தான் சம்பளம் புடிக்கறான். நான் அழுதனா? தோ பாரு, அந்த ரூட்டு மாறுச்சுன்னா ஊரு ஆளு ஒருத்தன் ஒன் வண்டில ஏற மாட்டான். ஒப்பந்தத்துக்கு ஆளா இல்ல? மணிமங்கலத்துல ரெண்டு பேரு என்கிட்ட கேட்டுகினே கீறாங்க."

போகும்போது லீலா கொடுத்த காபியை முழுதும் குடித்துவிட்டுத்தான் போனார். கோபத்துக்கும் காபிக்கும் அவரிடம் தனித்தனிக் கணக்கு.

அடுத்த சனிக்கிழமை புருஷோத்தமன் பள்ளிக்கூடத்துக்குப் போனார். பக்கத்து ஸ்டியரிங் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவிலிருந்து மஞ்சுளா என்ற பெண் வாராவாரம் வந்து, அன்றாடப் பிரச்சினையைப் படிப்படியாகத் தீர்ப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பார்த்ததை எழுது. அளந்து பார். ஐந்து தடவை ஏன் என்று கேள். வழி தேடு. செய்து பார். கடைசியில், செய்தது சரிதானா என்று எண்ணிப் பார். ஆறே படி. கரும்பலகையில் பெரிதாக எழுதியிருந்தாள்.

"மேடம், பசங்களுக்கு நல்லது சொல்லிக் குடுக்கறீங்க. சந்தோசம். நாலு 'ஏன்' வச்சுக்கோங்க. அஞ்சாவதை எடுத்துடுங்க" என்று பேரத்தைத் தொடங்கினார்.

"சக்கரத்துக்கு அஞ்சு நட்டுன்னா அஞ்சுதான் சார். நீங்க நாலு போட்டு ஓட்டுவீங்களா?"

"அவசரத்துக்கு ஓட்டிக்கிறோம்ல?"

"எத்தினி வருசமா அவசரம் சார்?"

வகுப்பில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். புருஷோத்தமனுக்குக் காது சூடேறியது. "வூட்டுக்குள்ள சண்டைய மூட்டி வுடறதுக்குப் பேரு பாடமா? எம் பொண்ண நாளைக்கே இந்தக் கிளாஸ்ல இருந்து நிறுத்திடுவேன்."

"நிறுத்துங்க. அவ கேட்ட கேள்விய எப்டி நிறுத்துவீங்க?" மஞ்சுளா சாக்பீசை நீட்டினாள். "பிரச்சினை உங்க வண்டியில. தீர்வும் உங்ககிட்டதான் இருக்கணும். நாலாவது படி, வழி தேடறது. எழுதுங்க."

நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேரத்தில் பாதியில் எழுந்து போவது அவர் பரம்பரையில் கிடையாது. சாக்பீசை வாங்கினார். இரண்டு நிமிஷம் பலகையைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து எழுதினார்: இன்னொரு வண்டி.

"காலனிக்குன்னு தனியா ஒரு வண்டி வுடறேன். பன்னெண்டு சீட்டு. அவுங்க வாசல்ல ஏறலாம், முன் சீட்டுல ஒக்காரலாம், நேரா போலாம். யாரும் யாருக்கும் காத்துகினு இருக்க வேணாம். டீசலும் மிச்சம். தீந்துச்சா?"

மூன்றாவது பெஞ்சிலிருந்து மதிவதனி எழுந்தாள். "சார், நாங்க பதினாலு பேரு."

"அட்ஜஸ் பண்ணிக்கணும் கண்ணு."

"பெரிய வண்டில சீட்டு காலியா போவுமே சார்?"

"அது வேற கணக்கு."

மஞ்சுளா ஆறாவது படிக்குக் கீழே ஒரு கோடு மட்டும் போட்டாள்.

பழைய வேன் ஒன்று தவணையில் வந்தது. மாதம் பதினெட்டாயிரம். "ஏழாயிரம் மிச்சம் புடிக்க பதினெட்டாயிரமா?" என்று லீலா கேட்டாள். ஊர் மெச்சியது. பாண்டுரங்கனே பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கினார். ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்: சின்ன வண்டி பெரிய வண்டியை முந்தக்கூடாது. பெரிய வண்டி ஊரில் ஆளேற்றி முடிக்கும்வரை பின்னாலேயே நின்று, அது கிளம்பிய பிறகுதான் வரவேண்டும். பள்ளிக்கூட விழாவில் தலைமையாசிரியர் புருஷோத்தமனுக்குப் பொன்னாடை போர்த்தி, பிள்ளைகள் சொன்ன குறையைத் தீர்த்துவைத்த பெற்றோர் என்று பாராட்டினார். ஐஸ்வர்யா கை தட்டவில்லை.

முதல் நாள் சின்ன வண்டி காலனி வாசலில் நின்றபோது ராஜம்மா ஏறாமல் படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புருஷோத்தமன் தானே வந்திருந்தார்.

"ஏறு ராஜம்மா. ஒனக்குன்னு தனி வண்டி."

"தனின்னா பழக்கந்தான் ஓனரே. பொணம் எடுக்கத் தனி வழி குடுத்தாங்க, இப்போ வேலைக்குப் போவத் தனி வண்டி. ஒண்ணு விடாம குடுத்துகினே கீறீங்க." அவள் ஏறினாள். ஏறாமல் போனால் அன்றைய கூலி போகும். கடைசியாக ஏறிய இரண்டு பேருக்கு உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள்.

மாதம் முடிந்தது. சின்ன வண்டி டிரைவர் மாரி டிரிப் ஷீட்டுகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். எத்தனை சீட்டு, எத்தனை ஆள் என்று தினமும் எழுதி, ஓனர் கையெழுத்தோடு கம்பெனிக்குப் போனால்தான் பில் பாஸாகும். ஆள் நின்றுகொண்டு போனதாக ஒரு நாள் தெரிந்தால் அந்த நாளுக்குப் பணம் கிடையாது. அதனால் மாரி சின்ன வண்டிக்குத் தினமும் பன்னிரண்டு என்றே எழுதிவந்தான். நல்ல டிரைவருக்கு எண்ண வேண்டிய இடமும் தெரியும், எண்ணக்கூடாத இடமும் தெரியும்.

கடைசி ஆறு நாள் ஷீட்டில் எழுத்து வேறாக இருந்தது.

"யார்ரா எழுதுனது?"

மாரி தலையைச் சொறிந்தான். "பாப்பாதான் ஓனரே. ஆறு நாளா சைக்கிள்ல காலனிக்கு வந்துருது. மதிவதனி வூட்ல சைக்கிள வுட்டுட்டு நம்ம சின்ன வண்டில ஏறுது. நான் சொன்னா கேக்குமா? பேனாவ புடுங்கிகிச்சு."

புருஷோத்தமன் வீட்டுக்குள் பார்த்துக் கத்தினார். ஐஸ்வர்யா வந்து நின்றாள்.

"அந்த வண்டில நின்னுகினு போறியாமே?"

"சீட்டு இல்லப்பா."

"நம்ம பெரிய வண்டில காலியாதானடி கீது? ஒன் சீட்டும் சேத்து?"

"ஆமாம்பா. அதையும் எழுதியிருக்கேன்."

"ஊரு பாக்கும்டி. பாண்டுரங்கன் மாமா பாப்பாரு."

"தெனமும் பாக்கறாரு. பெரிய வண்டி ஜன்னல்லேர்ந்து."

அவர் கையை ஓங்கினார். லீலா நடுவில் வரவில்லை. ஐஸ்வர்யாவும் நகரவில்லை. ஓங்கிய கை எங்கே போவது என்று தெரியாமல் மேசைக்கு வந்து பேனாவை எடுத்தது. கையெழுத்துப் போட்டால் ஆறு நாள் பணம் போகும், ஏன் நின்றார்கள் என்று கம்பெனி கேட்கும். போடாவிட்டால் மாத பில்லே போகும். மறுபடியும் எழுதச் சொன்னால் மகள் எழுத மாட்டாள். இரண்டு வண்டியையும் ஒன்றாக்கினால் எல்லாம் சரியாகும். அது மட்டும் அவர் கைக்கு வரவில்லை. மாரி வாசலில் காத்துக்கொண்டிருந்தான்.

மேலே இருந்த தாளை இன்னொரு தடவை படித்தார். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

பெரிய வண்டி: சீட்டு 26. ஏறியவர்கள் 11. காலி 15.
சின்ன வண்டி: சீட்டு 12. ஏறியவர்கள் 15. நின்றவர்கள் 3: கவியா, தென்றல், பு. ஐஸ்வர்யா.
ராஜம்மா பஞ்ச் லேட்: போன மாதம் 3 நாள். இந்த மாதம் 3 நாள்.
இரண்டு வண்டியும் சேர்த்து ஆள் 26. ஒரு வண்டியில் சீட்டு 26.
மீதி: மூன்று பேர் நிற்கிறார்கள்.