ரோட்டுக்கு இந்தப் பக்கம்

விழுப்புரம் பக்கம் காணையில் கரும்பு போடுகிற குமரேசனுக்கு வேன்மேல் வந்த ஆசையைப் பார்த்து ஊரே சிரித்தது. பழைய வேன் ஒன்றை வாங்கி, பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர் டிரம் எல்லாம் வைத்தான். சொந்த வீட்டை வைத்துக்கொண்டு வண்டியில் படுக்கிறவனை என்னவென்று சொல்வது? மனைவி கிருஷ்ணவேணி மட்டும் சிரிக்கவில்லை. முதலில் ராமேஸ்வரம் போகலாம் என்றாள்.

ஆனால் போகும்படி ஆனது சென்னை ஆஸ்பத்திரிக்கு. அவள் மார்பிலிருந்த கட்டியில் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். கிளம்பியதற்கு மறுநாள் அங்கே முடிவு சொல்வார்கள்.

"நரி மூஞ்சில முழிச்சா நல்ல சேதி வரும்பாங்க. பெருமுக்கல் மலையாண்ட நரி இருக்குதாமே?" என்று விழுப்புரம் தாண்டும்போது விளையாட்டாகத்தான் சொன்னாள். குமரேசனுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. டாக்டர் சொல்லப்போவதை அவனால் மாற்ற முடியாது. இதையாவது செய்யலாமே என்று திண்டிவனத்தில் வண்டியை மலைப்பக்கம் திருப்பினான்.

மலையடியில், ரோட்டுக்கு இந்தப் பக்கம் வேனை நிறுத்தினார்கள். அந்தப் பக்கம் புதர், அதற்குமேல் பாறை. பொழுது சாயும்வரை ஜன்னலில் கண் வைத்துக் காத்திருந்தும் ஒன்றும் வரவில்லை. நரி என்ன, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர வீட்டு நாயா? அலுத்துப்போய் கிருஷ்ணவேணி படுத்துவிட்டாள்.

கரும்பைக் கடிக்க வரும் நரியைக் கருவாடு வைத்துத்தான் காணையில் பிடிப்பார்கள். விடிவதற்கு முன்பே குமரேசன் எழுந்து, சமையலுக்குக் கொண்டுவந்த கருவாட்டைப் புதரோரம் வைத்துவிட்டு வந்தான். பாவி, அத்தோடு விட்டிருக்கலாம். ஆசை யாரை விட்டது? கண்ணாடி போடாமல் எழுகிறவளுக்கு அத்தனை தூரத்தில் முகம் தெரியுமா என்று யோசித்தான். திரும்பப் போய் எடுத்துவந்து, ஜன்னலுக்கு நேர் கீழே வைத்தான். கரும்புக் கொல்லையில் ரோடு கிடையாது. இங்கே நரி ரோட்டைத் தாண்டித்தான் வர வேண்டும் என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை.

கிழக்கு வெளுக்கும்போது நரி வந்தது. புதரிலிருந்து தலையை நீட்டி மோப்பம் பிடித்தது. பிறகு ரோட்டில் கால் வைத்தது.

"வேணி, ஏந்திரு, ஜல்தி!" என்று தோளைத் தொட்டான். அவள் புரண்டு படுத்தாள். அதற்குள் ஒரு பால் வண்டி வந்துவிட்டது. அடித்துவிட்டு நிற்காமலே போனது.

குமரேசன் ஓடித் தூக்கினான். உடம்பு இன்னும் சூடாக இருந்தது, உயிர் இல்லை. புதருக்குள் கிடத்திவிட்டு வேனுக்குத் திரும்பினான். கிருஷ்ணவேணி எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாங்க, வந்துச்சா?"

அவன் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டிரம் தண்ணீரில் கையைக் கழுவினான்.

"வராட்டிப் போவுது. உங்க மூஞ்சில முழிச்சிட்டேன், எனக்கு அது போதும்" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை அவனால் தாங்க முடியவில்லை. வரவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அவளாவது நிம்மதியாக ஆஸ்பத்திரிப் படி ஏறியிருப்பாள்.

"வந்துச்சி வேணி. கருவாட்ட வச்சி நாந்தான் இந்தப் பக்கம் வர வச்சேன். வண்டில அடிபட்டுச் செத்துப்போச்சி."

அவள் அவன் சட்டையில் இருந்த ரத்தத்தையே பார்த்தாள்.

"எனக்கோசரமா?"

ஆமாம் என்றால் அந்தச் சாவையும் அவள் தலையில் கட்டியதாகிவிடும். அதைவிட, அது உண்மையும் இல்லை என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"இல்ல வேணி. எனக்கோசரம். நீ இல்லாம போயிடுவியோன்னு எனக்குத்தான் பயம்."