ஓரம் காயவில்லை

அம்மாவின் முகத்தை மூடி நர்ஸ் வெள்ளை விரிப்பை இழுத்துவிட்டபோது, மகளின் விரல்கள் தாமாகவே அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்தன. ஈரம். மூலையில் நீல நூலில் தைத்திருந்த அடையாளம் அவர்களுடைய சலவைக்கூடத்துடையதுதான். இந்த ஆஸ்பத்திரியின் துணி முழுக்க அங்கேதான் வெளுக்கப் போகும்.

வராந்தாவுக்கு வந்து கூடத்துக்குப் போன் போட்டாள். இஸ்திரி போடும் அக்கா எடுத்தாள்.

"ஓரம் காயவே இல்லை. யாரு பார்த்து அனுப்பினது? கண்ணை எங்க வெச்சிருந்தீங்க?"

பெற்றவள் கண்மூடிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, இவள் ஈரத்துணியைப் பற்றிப் பேசுகிறாள். கல்நெஞ்சுக்காரி என்று பக்கத்து பெஞ்சில் இருந்தவள் நினைத்திருப்பாள். கல்நெஞ்சு இல்லை, பயம். கூடத்தில் தீப்பிடித்துப் பாதி எரிந்து, அந்த அதிர்ச்சியில் அம்மா படுத்துவிட்ட நாளிலிருந்து இவள்தான் முதலாளி. பயத்தை மறைக்க இவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதட்டல். அந்த அதட்டல் தாங்காமலே பாதிப் பேர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். மிச்சமிருப்பவர்கள், இருப்பதா போவதா என்று இன்று சாயங்காலம் சொல்வதாக இருந்தது. அவர்களும் போய்விட்டால் கூடத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

"நீ எங்கேர்ந்து பேசறே பாப்பா?"

"ஆஸ்பத்திரியிலதான்."

"அம்மா எப்படி இருக்காங்க?"

யாரோ வீல்சேரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அது திருப்பத்தில் மறையும்வரை இவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு யாரோ அதை நிறுத்தினார்கள்.

"அக்கா... என்னால முடியலை. வாங்களேன்."

இப்படி அவள் யாரையும் கூப்பிட்டதில்லை.

கூடத்தில் மிச்சமிருந்த ஐந்து பேரும் சோப்பு வாசனையோடு அப்படியே வந்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். எதற்கெடுத்தாலும் இளிப்பதால் 'பல்லு' என்று பெயர் வாங்கிய வேன் டிரைவர்தான் குலுங்கிக் குலுங்கி அழுதான். சாயங்காலத்துக்கென்று மகள் ஒரு பேச்சை ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள், ரொம்பக் கம்பீரமாக. அதில் ஒரு வரிகூட இப்போது நினைவுக்கு வரவில்லை.

"அம்மா மாதிரி நடத்த எனக்குத் தெரியலை. அது வெளியில தெரியக்கூடாதுன்னுதான் உங்க மேல எரிஞ்சு விழுந்தேன். போறதா இருந்தா போங்க, தப்பா நினைக்க மாட்டேன். இருந்தீங்கன்னா கத்துக்கறேன்."

பல்லு மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"நாளைக்கு நீ வீட்ல இருந்தாகணும்," என்றாள் அக்கா கடைசியில். "ஆஸ்பத்திரித் துணி யாருக்காகவும் காத்திருக்காது. நாங்க திறந்து பார்த்துக்கறோம். சாவியைக் குடு."

முதலாளியான இந்த மூன்று மாதமாகக் கூடத்தைத் திறந்ததும் பூட்டியதும் மகளேதான். யாரையும் நம்பிச் சாவியைக் கொடுத்ததில்லை. கைப்பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். கண் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை. சீப்பு வந்தது. மருந்துச் சீட்டு வந்தது. அம்மாவின் மூக்குக்கண்ணாடி வந்தது.

அக்கா நீட்டிய கையை மடக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.