பசை காயும்வரை

ஐஸ் பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் குப்புராஜின் முகத்தைப் பார்த்து அழுதார்கள். எழில் தன் புருஷனின் வலது கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூடிய அந்த இமையில் முடி கருகருவென்று அடர்ந்து, நுனி வளைந்து, கன்னத்தில் படிந்திருந்தது. இடது இமையில் அவனுடைய சொந்த முடி, அங்கொன்றும் இங்கொன்றுமாக. பெட்டியின் கண்ணாடியில் பனி படிந்திருந்ததால் இதுவரை யார் கண்ணிலும் படவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் பெட்டியைத் திறந்து, பெஞ்சில் கிடத்தி, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக எண்ணெயும் சீயக்காயும் வைத்துக் குளிப்பாட்டுவார்கள். அவன் வண்டி ஓட்டிய ஷேர் ஆட்டோ ஸ்டாண்டே பந்தலுக்கடியில் நின்றது. பொம்பளை இமையோடு கிடந்தான் என்று ஒருவன் வாயைத் திறந்தால் போதும், பம்மலிலிருந்து பல்லாவரம் வரைக்கும் போகிற ஒவ்வொரு வண்டியும் அந்தப் பேச்சையும் ஏற்றிக்கொண்டு போகும்.

நேற்றிலிருந்து அவனோடு தனியாக இருக்க அவளை யாரும் விடவில்லை.

தாம்பரத்தில் ஒரு பார்லரில் கல்யாண மேக்கப் கற்றுக்கொள்ளப் போய்க்கொண்டிருந்தாள் எழில். புருவம் திருத்துவது, கொண்டை போடுவது எல்லாம் கைக்கு வந்துவிட்டன. ஒட்டு இமை மட்டும் படியவே இல்லை. பசையைத் தடவியதும் வைத்தால் வழுக்கும், காயவிட்டு வைத்தால் ஒட்டாது. விரலில் தொட்டால் நூலாக இழுபடும் பதத்தில், முடியின் வேரை ஒட்டி வைக்க வேண்டும். எடுப்பது அதைவிடக் கஷ்டம். எண்ணெய் தொட்ட பஞ்சை மேலே வைத்து, பசை தானாக விடும்வரை காத்திருக்க வேண்டும். "அவசரப்பட்டு இழுத்தீங்கன்னா சொந்த முடியும் கூடவே வந்துடும்" என்று சொல்லிக்கொடுக்கிற ப்ரியா மேடம் தினமும் எச்சரிப்பாள்.

பழகிப் பார்க்கத் தெருவில் எந்தப் பெண்ணும் கண்ணைக் கொடுக்கவில்லை. குப்புராஜ்தான் கொடுத்தான்.

"என் கண்ணுல ஒட்டுமே. ரோட்டப் பாக்கறத தவிர அதுக்கு இன்னா வேல கீது?"

முதல் தடவை எடுக்கும்போது பொறுமையில்லாமல் இழுத்துவிட்டாள். கண் சிவந்து நீராக ஊற்றியது. மறுநாள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போய், மெட்ராஸ் ஐ என்று சொல்லி வைத்தான். அதைக் கேட்டு அவன் வண்டியில் ஒருத்தரும் ஏறவில்லை. அதையும் வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தான்.

"ஏற வந்த ஆயா, கண்ணாடியப் பாத்துட்டு கூடைய தூக்கினு ஓடுது. நீ நல்லா கத்துக்கமே, நான் பட்னி கெடக்கறேன்."

நேற்று மதியம் சாப்பிட வந்தவனைச் சாப்பிட்டதும் நாற்காலியில் உட்கார வைத்தாள். இன்று மேடத்திடம் செய்து காட்ட வேண்டியிருந்தது. காற்றில் பசை சீக்கிரம் காய்ந்துவிடும் என்று ஃபேனை நிறுத்தினாள். வலது கண்ணில் முதல் தடவையாக ஒரு கோணலும் இல்லாமல் உட்கார்ந்தது. இடது கண்ணில் வைத்தது நழுவிக்கொண்டே போயிற்று. நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து இமையை நனைத்தது. துடைத்தாள். மறுபடியும் வழிந்தது.

"யோவ், இன்னாய்யா இப்டி வேக்குது ஒனக்கு? எப்டி ஒட்டும்?"

"தெர்லமே. மாரு கரிக்கறாப்ல கீது. அந்த ஃபேன போடேன்."

"பசை காயற வரிக்கும் ஆடாம குந்து. ரெண்டு நிமிசம்."

குந்தினான். கண்ணை மூடி, கைகளை மடியில் வைத்து, போட்டோ எடுக்க உட்கார்ந்தவன் மாதிரி. இன்னொரு தடவை துடைத்தாள். டிஷ்யூ பேப்பர் ஊறிக் கிழிந்து அவன் நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டது. எரிச்சலோடு வேறு எடுக்க அலமாரிப் பக்கம் போனாள். திரும்பி வந்தபோதும் அவன் ஆடாமல்தான் உட்கார்ந்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் டார்ச் அடித்து அவன் இமைகளைத் தூக்கியபோது எழில் சுவரைப் பார்த்தாள். அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"முன்னாடி வேர்த்துக் கொட்டுச்சாம்மா?" என்றுதான் கேட்டார்.

"இல்ல சார்."

"தண்ணி ரெடி. பொட்டியத் தொறங்கப்பா" என்று பந்தலில் குரல் கேட்டது. நாலு பேர் தூக்கி அவனைப் பெஞ்சில் கிடத்தினார்கள். எண்ணெய்க் கிண்ணத்தோடு முதலில் வந்தவள் அவனுடைய அக்கா கன்னியம்மா. குனிந்தவள் அப்படியே நின்றாள். வலது கண்ணைப் பார்த்தாள். இடது கண்ணைப் பார்த்தாள். பிறகு எழிலைப் பார்த்தாள்.

எழில் தலையைக் குனிந்துகொண்டாள்.

கன்னியம்மா நிமிர்ந்தாள். முந்தானையை உதறி, பெஞ்சுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் விரித்துப் பிடித்தாள்.

"ஆம்பளைங்கள்லாம் அப்பால போங்கப்பா. பொண்டாட்டி எண்ண வைக்கட்டும். இங்க இன்னா வித்தையா காட்றாங்க?"

ஸ்டாண்டு ஆட்கள் நகர்ந்தார்கள். கன்னியம்மா கிண்ணத்தை எழில் கையில் வைத்துவிட்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "எங்கிட்டயும் மெட்ராஸ் ஐன்னுதான் சொன்னான், பேமானி. மெதுவா எட்றி."

எழில் விரலில் எண்ணெயைத் தொட்டு அந்த இமையின் வேரில் ஓட்டினாள். தோல் சில்லென்றிருந்தது. பசை இறுகிக் கிடந்தது. உள்ளங்கையைக் கண்ணின் மேல் வைத்து மூடினாள். சூடு ஏறட்டும் என்று காத்திருந்தாள்.

முந்தானையைப் பிடித்தபடியே கன்னியம்மா உடைந்து அழ ஆரம்பித்தாள். "ஐயோ தம்பி, மாரு வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா தூக்கினு ஓடியிருப்பாளேடா! வாயத் தொறக்காம பூட்டியே!"

எழிலின் வாய் திறந்தது. கன்னியம்மா குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். எழில் வாயை மூடிக்கொண்டாள். கண்ணின் மேலிருந்த கையை மட்டும் எடுக்கவில்லை.

"போதும்மா, மத்தவங்களும் வைக்கணும்ல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"இருங்கடி. அவ புருசன். அவ எவ்ளோ நேரம் வச்சா உங்களுக்கு இன்னா?" என்று அழுகைக்கு நடுவிலேயே அதட்டினாள் கன்னியம்மா.

கையை எடுத்தபோது பசை நெகிழ்ந்திருந்தது. வெளி ஓரத்தை நகத்தால் தொட்டாள். ஒட்டு இமையின் பட்டை லேசாகத் தூக்கிக்கொண்டது. மூக்குப் பக்கமாக மெல்ல நகர்த்தி எடுத்தாள். அவனுடைய சொந்த முடி ஒன்றுகூடக் கூட வரவில்லை.

மேடம் பார்த்திருந்தால் பாஸ் போட்டிருப்பாள்.

வந்ததைக் கைக்குள் மூடிக்கொண்டு நகர்ந்தாள். மற்றவர்கள் எண்ணெய் வைத்தார்கள். குளிப்பாட்டி, மாலை போட்டு, தப்பு அடித்துக்கொண்டு தூக்கிப் போனார்கள். தெருமுனை வரைக்கும் போன பெண்கள் திரும்பி வந்து, வீட்டைக் கழுவித் தள்ளிவிட்டு, அந்த ஒற்றை அறைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். புழுங்கியது. கன்னியம்மா சுவரில் சாய்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த ஃபேன போடேன், எழிலு."

எழில் எழுந்தாள். வலது கையில் இன்னும் பிசுபிசுவென்று எண்ணெய், விரல்கள் மூடியபடியே இருந்தன. இடது கையால் சுவிட்சைத் தட்டினாள். ஃபேன் கிறீச்சிட்டு, மெதுவாகத் தொடங்கி, வேகமெடுத்தது. பெண்கள் கழுத்தைத் தூக்கிக் காற்றை வாங்கினார்கள்.

"இப்டி வந்து ஒக்காரு" என்று கன்னியம்மா நகர்ந்து இடம் விட்டாள்.

எழில் அலமாரிக்கு அந்தப் பக்கம், காற்று எட்டாத மூலையில் போய் உட்கார்ந்தாள்.