ஆள் வராமல் எப்படிப் போவது

பொழுது சாய்ந்தால் போதும், சிஸ்டருக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. பழைய வெள்ளைக் கோட்டைத் தேடி மாட்டிக்கொள்வார். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடையாய் நடப்பார், தலையணையைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பார். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ காலமாயிற்று. இந்தப் பாழாய்ப்போன மறதி நோய் அதைத்தான் முதலில் துடைத்துவிட்டது. விடியும்வரை பொட்டுத் தூக்கம் கிடையாது. உட்காரச் சொன்னால் கத்துவார், கையைப் பிடித்தால் பிறாண்டுவார்.

கணவர் தையல்காரர். டாக்டர் எழுதிய மாத்திரையையும் அவருக்குக் கொடுத்துப் பார்த்தார். சிஸ்டர் பகலெல்லாம் தள்ளாடி விழுந்ததுதான் மிச்சம். போன வாரம் கதவைத் திறந்துகொண்டு நடுரோட்டில் போய் நின்றதும், மகள் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கறேன்பா. அம்மா தூங்கலன்னா மறுநாளே ஹோம்ல சேர்த்துடுவேன். உங்களையும் சேர்த்துப் பறிகொடுக்க என்னால முடியாது."

அவள் சொன்னதில் தப்பில்லை. அதனாலேயே தையல்காரருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

அவரும் தினமும் ஒரே பொய்யைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு உனக்கு லீவும்மா. வந்து படு."

"லீவாவது ஒண்ணாவது! போங்க அந்தப் பக்கம்."

மக்குப் பொய்! இத்தனை வருஷம் ஒரு நர்ஸோடு குடித்தனம் நடத்தியவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? கல்யாணமான புதிதில் ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிளோடு காத்துக் கிடந்தவர்தானே? அடுத்த நர்ஸ் வந்து, கட்டில் கட்டிலாக நின்று நோயாளிகளை ஒப்படைத்தால்தான் சிஸ்டர் வெளியே வருவார். சினிமாவுக்கு நேரமாகிறதென்று இவர் குதித்தாலும் அசைய மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இவர் கையைப் பிடித்து இழுக்க, சிஸ்டர் அழுதேவிட்டார். "என்னங்க, நீங்களே இப்படிப் பண்ணலாமா? ஆள் வராம நான் எப்படிங்க போறது?"

அப்போதுதான் தையல்காரர் மண்டையில் உறைத்தது.

சிஸ்டருக்கு மகள் பெயர் மறந்துபோயிருந்தது, வீடு மறந்துபோயிருந்தது. மிச்சம் இருந்தது இந்த "என்னங்க" ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் மனுஷன் நாளை ஓட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் தயங்கினார். பிறகு ஒரு வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, வாசலுக்கு வெளியே போய்க் கதவைத் தட்டினார்.

"சிஸ்டர், நைட் டியூட்டிக்கு வந்திருக்கேன். ஒப்படைச்சிட்டுக் கிளம்புங்க."

"ஏன் தம்பி இவ்வளவு லேட்டு?" என்று கடிந்துகொண்டாலும், சிஸ்டர் முகத்தில் உயிர் வந்துவிட்டது. அவரைச் சோபாவிடம் கூட்டிப்போனார். "கால்ல ஆபரேஷன். அசைய விடாதீங்க." சாப்பாட்டு மேசையிடம் குரலைத் தாழ்த்தினார். "பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு. எழுப்ப வேண்டாம்."

கடைசியாகப் படுக்கையறை. கட்டிலில் தையல்காரர் படுக்கும் பக்கத்தைக் காட்டினார்.

"இவர்தான் தம்பி ரொம்பப் பாவம். ராத்திரியெல்லாம் தூங்கறதே இல்ல. சத்தம் வராம அழுதுக்கிட்டே இருக்கார்."

தையல்காரர் மெதுவாகக் கேட்டார். "அவர் சம்சாரம் வர்றதில்லையா, சிஸ்டர்?"

"நான் பார்த்ததே இல்லப்பா. நீங்க கொஞ்சம் பக்கத்துல இருங்க."

"இருக்கேன்."

சிஸ்டர் கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார். தானாகவே போய்ப் படுத்தார். அடித்துப் போட்டாற்போல் தூங்கிப்போனார்.

காலையில் மகள் பெட்டியோடு வந்தவள், அம்மா அயர்ந்து தூங்குவதைப் பார்த்து அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஹோமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்பா" என்று பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். ஜெயித்துவிட்டார் தையல்காரர்.

வெயில் ஏறியபிறகு சிஸ்டர் கண் விழித்தார். தெளிவாகச் சிரித்தார்.

"தம்பி, வெளியே எங்க வீட்டுக்காரர் சைக்கிளோட நிப்பார். வரச் சொல்றீங்களா?"

தையல்காரர் அடுத்த அறைக்கு ஓடினார். வெள்ளைச் சட்டையைக் கழற்றி எறிந்தார், வீட்டில் போடும் பழைய சட்டையை மாட்டினார், அவசரத்தில் பொத்தான் மாறிப்போயிற்று. அப்படியே வந்து சிஸ்டர் முன்னால் நின்றார்.

"வந்துட்டேம்மா."

சிஸ்டர் அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"எங்க தம்பி, அவர் வரலையா?"